இரு மண்டலக் கிணற்றில் கீழ் பேக்கர்: நிரந்தர வகையா, மீட்கத்தக்க வகையா?

கேள்வி: புதுநிறைவு

அனைவருக்கும் வணக்கம். கிணறு நிறைவு (தோண்டிய எண்ணெய்க் கிணற்றை உற்பத்திக்குத் தயாராக்குதல்) வடிவமைப்புப் பிரிவுக்கு நான் அண்மையில்தான் வந்திருக்கிறேன். கையில் உள்ள ஒரு கிணற்றில் மண்டலங்களை எப்படிப் பிரிப்பது என்பதில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

உற்பத்திக் கேசிங் (கிணற்றின் சுவராக நிற்கும் எஃகுக் குழாய்) 7 அங்குலம், அடிக்கு 29 பவுண்டு எடை கொண்டது. அதனுள் இறங்கும் உற்பத்திக் குழாயான டியூபிங் இரண்டே முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரியது, அதாவது 73 மில்லிமீட்டர் வெளிவிட்டம். மேல் எண்ணெய் மண்டலம் 2,480 மீட்டரிலும் கீழ் மண்டலம் 2,610 மீட்டரிலும் உள்ளன. அடிப்பகுதியில் சாய்வு 38 பாகை. கீழ் மண்டலத்தின் அழுத்தம் 26 மெகாபாஸ்கல், மேல் மண்டலம் ஏற்கெனவே 18-க்கு இறங்கிவிட்டது. அடிமட்ட வெப்பநிலை 118 பாகை செல்சியஸ். வாயுவில் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. கீழ் மண்டலத்தின் எதிரே கேசிங்கில் துளையிட்டாகிவிட்டது, மேல் மண்டலத்தில் இன்னும் துளையிடவில்லை.

ஒற்றை டியூபிங்கில் 2,450 மீட்டரில் ஒரு பேக்கரும் (டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையே உள்ள வெளியை அடைக்கும் கருவி) 2,580 மீட்டரில் இன்னொன்றும் வைத்து, இடையில் ஒரு ஸ்லைடிங் ஸ்லீவ் (டியூபிங்கின் பக்கவழியைத் திறந்து மூடும் உறை) பொருத்தி, மண்டலங்களை மாற்றி மாற்றி இயக்குவது திட்டம். சில ஆண்டுகள் கழித்துக் கீழ் மண்டலத்தை நீர் செலுத்தும் மண்டலமாக மாற்றுவார்கள். அப்போது தரைமட்டத்தில் 15 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்தால், மண்டலத்தின் எதிரே 40 வரை ஏறும் என்று நீர்த்தேக்கப் பிரிவினர் கூறுகிறார்கள்.

வழங்குநர் இரண்டுக்குமே ஹைட்ராலிக் முறையில் பொருத்தும் மீட்கத்தக்க (பின்னர் விடுவித்து வெளியே எடுக்கக்கூடிய) பேக்கரைப் பரிந்துரைக்கிறார். பட்டியலில் 35 மெகாபாஸ்கல் தாங்கும் என்று உள்ளது. எங்கள் மூத்த பொறியாளர் கீழே நிரந்தர பேக்கர்தான் வேண்டும் என்கிறார். மூன்றாவதாக ஒருவர், மேல் பேக்கரே தேவையில்லை, மேல் மண்டலத்து எண்ணெயை டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையே உள்ள வளையவெளி வழியாகவே எடுத்துக்கொள்ளலாம், செலவு குறையும் என்கிறார். பட்டியலில் உள்ள அழுத்த அளவை வைத்து முடிவெடுத்தால் போதுமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1: விசைக்கணக்கு

வணக்கம். பட்டியலில் உள்ள அந்த 35 என்ற எண், பேக்கரின் மீது டியூபிங் இழுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை என்ற நிலைக்கு உரியதாக இருக்கக்கூடும். முழு அழுத்த வேறுபாடும் பெரிய இழுவிசையும் ஒன்றாக வந்தால் பேக்கர் அதே 35-ஐத் தாங்காது. ஆகவே வழங்குநரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பேக்கரின் செயல்திறன் வரைபடம். அழுத்த வேறுபாட்டை ஓர் அச்சிலும் அச்சுவழி விசையை இன்னோர் அச்சிலும் வைத்து, எந்த எல்லைக்குள் அது பாதுகாப்பானது என்று காட்டும் மூடிய கோடு அது. உங்கள் கிணறு தன் வாழ்நாளில் சந்திக்கப்போகும் ஒவ்வொரு நிலையையும் அதில் ஒரு புள்ளியாக வையுங்கள். உற்பத்தி, மூடிய நிலை, அமிலம் செலுத்துதல், நீர் செலுத்துதல், பேக்கரை விடுவித்தல் ஆகிய எதையும் விட்டுவிட வேண்டாம். ஒரு புள்ளி வெளியே விழுந்தாலும் அந்தப் பேக்கர் உங்களுக்கு உரியதன்று.

உங்கள் கிணற்றில் கடுமையான நிலை நீர் செலுத்தும் நிலைதான். கீழே 40, மேல் மண்டலம் உற்பத்தியால் 12 வரை இறங்கிவிட்டது என்று கொண்டால், கீழ் பேக்கரின் குறுக்கே 28 மெகாபாஸ்கல் வேறுபாடு வரும். நீங்கள் சொல்லும் கேசிங்கின் உள்விட்டம் 157 மில்லிமீட்டர். அதில் டியூபிங்கின் பரப்பைக் கழித்தால் எஞ்சும் வளையப்பரப்பின் மீது ஒவ்வொரு 10 மெகாபாஸ்கலும் ஏறத்தாழ 15 டன் விசையாகிறது. எனவே 28 மெகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 43 டன் விசையோடு பேக்கரை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதை ஏற்பது ரப்பர் அன்று. கேசிங் சுவரைப் பற்றியிருக்கும் ஸ்லிப் பற்கள்தாம். மேல்நோக்கிய தள்ளலை எந்த ஸ்லிப் ஏற்கிறது, அது கேசிங்கை எவ்வளவு விரிக்கும் என்பதையும் கேளுங்கள்.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வெப்பநிலையை. டியூபிங்கின் அசைவைப் பற்றி 1962-இல் லுபின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை முதல் இன்றைய கணினி நிரல்கள் வரை எல்லாமே நான்கு காரணங்களைக் கணக்கிடுகின்றன. பரப்பு வேறுபாட்டின் மீது அழுத்தம் தரும் பிஸ்டன் விளைவு, டியூபிங் சுருள்போல வளைதல், உள்ளழுத்தத்தால் பக்கவாட்டில் பருத்து நீளத்தில் குறுகுதல், வெப்பத்தால் நீளுதலும் சுருங்குதலும் ஆகியவை அவை. நீர் செலுத்தும் கிணற்றில் கடைசி இரண்டும் ஒரே திசையில், அதாவது டியூபிங்கைக் குறுக்கும் திசையில் சேர்ந்துகொள்கின்றன.

மேல் பேக்கருக்கு மேலே உள்ள 2,450 மீட்டர் டியூபிங் சராசரியாக 40 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 1.2 மீட்டர் குறுக முயலும். அசைய இடமின்றி இரு முனையும் பிடிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறுக்கம் 12 டன் இழுவிசையாக மாறும். உள்ளழுத்தத்தால் வருவதையும் சேர்த்தால் 15 டன். இது எல்லோரும் கணக்கிடுவதுதான். இரண்டு பேக்கர்களுக்கு இடையே உள்ள 130 மீட்டர் துண்டைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்; நீளம் சிறிது, ஆகவே விசையும் சிறிது என்று நினைத்துவிடுகிறார்கள். இரு முனையும் பிடிக்கப்பட்ட குழாயில் வெப்பத்தால் வரும் விசைக்கும் நீளத்துக்கும் தொடர்பில்லை. அந்த இடத்தில் எத்தனை பாகை குளிர்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கிணற்றின் அடியில்தான் குளிர்ச்சி மிக அதிகம். 118 பாகையில் இருந்த குழாய், வேகமாக வரும் நீரால் 48-க்கு இறங்கினால் வேறுபாடு 70 பாகை. விசை 21 டன். நேராக இழுத்து ஷியர் ரிங்கை (குறித்த விசையில் அறுபடும் வளையத்தை) அறுத்து விடுவிக்கும் மீட்கத்தக்க பேக்கர்களில் பலவற்றின் விடுவிப்பு விசை இதே எல்லையில்தான் இருக்கிறது. அதாவது, யாரும் இழுக்காமலேயே கீழ் பேக்கர் நீர் செலுத்தும் முதல் வாரத்தில் விடுபட்டுப்போகலாம். தரையில் இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது, ஏனெனில் மேல் பேக்கர் நன்றாக இருக்கும் வரை வளையவெளியின் அழுத்தமானி அமைதியாகவே இருக்கும்.

இப்போது இன்னொரு வழியில் பாருங்கள். அதே 130 மீட்டர் 70 பாகை குளிரும்போது குறுகும் நீளம் 11 சென்டிமீட்டர் மட்டுமே. பருத்துக் குறுகுவதையும் பிஸ்டன் விளைவையும் சேர்த்தாலும் மொத்தம் 15 சென்டிமீட்டரை ஒட்டியே வரும். அந்தச் சிறு அசைவுக்கு இடம் கொடுத்துவிட்டால் 21 டன் இழுவிசை எழவே எழாது. ஆகவே என் பரிந்துரை, கீழே வயர்லைன் (கம்பிவடம்) வழியாகப் பொருத்தும் நிரந்தர பேக்கர், அதன் மெருகிட்ட துளைக்குள் வழுக்கி அசையக்கூடிய சீல் தொகுதி, மேலே ஹைட்ராலிக் முறையில் பொருத்தும் மீட்கத்தக்க பேக்கர். உங்கள் மூத்த பொறியாளர் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு.

இரண்டையும் ஹைட்ராலிக் முறையில் ஒரே நேரத்தில் பொருத்துவதில் மற்றொரு சங்கடமும் உண்டு. அடியில் அடைப்பை வைத்து அழுத்தம் ஏற்றும்போது டியூபிங்கின் நீளம் மாறியிருக்கும். அந்த நிலையிலேயே இரண்டு பேக்கர்களும் பற்றிக்கொண்டால், அழுத்தத்தை விடுவித்த பின் அந்த நீளமாற்றம் விசையாக உள்ளேயே தங்கிவிடும். எது முதலில் பற்ற வேண்டும் என்பதை ஷியர் பின்களின் எண்ணிக்கையால் ஒழுங்குபடுத்தலாம். எனினும் தங்கிய விசையைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

மறுமொழி 2: மறுபணி

விசைக்கணக்கு அவர்களின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மாறுபடுகிறேன். நான் பெரும்பாலும் பழைய கிணறுகளைத் திறந்து மறுபணி செய்யும் பக்கத்தில் இருப்பவன். நிரந்தர பேக்கரை எடுப்பதென்றால் அதன் மேல் ஸ்லிப்பை மில் கருவியால் அரைத்து, பிடி தளர்ந்த உடலை ஈட்டியால் பற்றித் தூக்க வேண்டும். அரைத்த உலோகத் துகள்கள் திரவ ஓட்டத்தோடு மேலே வரவில்லை என்றால், பேக்கர் விடுபட்ட மறுகணமே கீழ் மண்டலத்தின் துளைகளுக்கு எதிரே போய் விழும். நீர் செலுத்தும் மண்டலத்துக்கு அது நல்லதன்று. மேலும், மேல் மண்டலம் 12 மெகாபாஸ்கலுக்கு இறங்கிய பிறகு அரைக்கும் பணி செய்தால் திரவம் முழுவதும் அந்த மண்டலத்துக்குள்தான் போகும். துகளைத் தூக்கிவரும் சுழற்சியே கிடைக்காது. இதை இன்றே யோசிக்க வேண்டும்.

அசையும் சீல் தொகுதியும் குறையற்றது அன்று. நீர் செலுத்துவதை அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் சீல்கள் அதே சில சென்டிமீட்டரில் உரசிக்கொண்டே இருக்கும். படிவு ஏதேனும் மெருகிட்ட துளையில் ஒட்டியிருந்தால் சீலின் உதடு கிழியும். இரண்டு மீட்கத்தக்க பேக்கர்களுக்கு இடையில் ஒரு விரிவு இணைப்பை (நீளவும் குறுகவும் இடம் தரும் இணைப்பை) வைத்தாலும் விசை நீங்கும், மீட்கவும் முடியும். அல்லது, இழுத்து விடுவிக்கும் வகைக்குப் பதிலாக, மாண்ட்ரலை (பேக்கரின் மையக் குழாயை) உள்ளிருந்து வெட்டினால் மட்டுமே விடுபடும் வகையைக் கீழே வையுங்கள். அது இழுவிசைக்கு அசையாது; வெட்டிய பின் அரைக்காமல் தூக்கிவிடலாம்.

மறுமொழி 3: விசைக்கணக்கு

வெட்டி விடுவிக்கும் வகை நல்ல யோசனை. அதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டிய இடம் அது. விரிவு இணைப்பைப் பொறுத்தவரை, அதிலும் அதே போன்ற அசையும் சீல்கள்தாம் உள்ளன என்பதால் தேய்மானம் நீங்கிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நிரந்தர பேக்கரில் அந்தச் சீல்கள் டியூபிங்கோடு சேர்ந்து மேலே வந்துவிடும், மாற்றிவிட்டு மீண்டும் இறக்கலாம். துகள்கள் விழும் ஆபத்தை, பேக்கருக்குக் கீழே தொங்கும் குழாயில் ஓர் அடைப்பைப் பொருத்திவிட்டு அரைப்பதன் மூலம் ஓரளவு குறைக்கலாம். முழுவதும் நீக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிரந்தர பேக்கருக்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. மேல் மண்டலத்தில் இன்னும் துளையிடவில்லை என்றார் கேட்டவர். அப்படியானால் கீழ் பேக்கரை இப்போதே அடைப்போடு வயர்லைனில் இறக்கிப் பொருத்திவிட்டு, துளையில்லாத கேசிங்கை மேலிருந்து அழுத்திச் சோதிக்கலாம். மேல் மண்டலத்தில் துளையிட்ட பிறகு எந்த அழுத்தமும் அங்கே நிற்காது. திரவம் மண்டலத்துக்குள் போய்விடும். மேலும், துளையிட்ட கேசிங்கின் உட்சுவரில் கூரிய விளிம்புகள் எழும்பி நிற்கும். பேக்கரை அவற்றைத் தாண்டி இறக்கினால் ரப்பரின் வெளிப்புறம் கீறப்படும். வரிசையை மாற்றினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. துளையிடும்போது விழும் சிதறல்களைப் பிடிக்க அடைப்பின் மேல் ஒரு சேகரிப்புக் கூடை வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மறுமொழி 4: ரப்பர்

இருவரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ரப்பரைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள்.

118 பாகை என்பது சாதாரண நைட்ரைல் ரப்பருக்கு மேல் எல்லையை நெருங்கிய வெப்பநிலை. ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தால் அது கடினமாகி வெடிக்கத் தொடங்கும். ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் இந்தக் கிணற்றுக்குப் பொருந்தக்கூடும். ஃப்ளூரோகார்பன் ரப்பர் இன்னும் அதிக வெப்பத்தைத் தாங்கும் என்பதற்காக அதை உடனே தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். அரிப்பைத் தடுக்க உற்பத்திப் பிரிவினர் செலுத்தும் வேதிப்பொருள்களில் பல அமீன் வகையைச் சேர்ந்தவை, அவை அந்த ரப்பரைத் தாக்குகின்றன. ஆஃப்லாஸ் என்ற பெயரில் வழங்கும் வகை அமீனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நன்றாகத் தாங்கும். ஆனால் குளிர்ந்த நிலையில் விறைத்துவிடும். வளையவெளியில் நிரப்பப்போகும் உப்புநீரின் வகையையும் ரப்பர் வழங்குநரிடம் சொல்லுங்கள். துத்தநாக புரோமைடு கலந்த கனத்த உப்புநீர் நைட்ரைலுக்கு ஆகாது. ரப்பரைத் தேர்ந்தெடுப்பவரின் மேசைக்குக் கிணற்றின் வெப்பநிலையும் அழுத்தமும் மட்டும் போய், அதில் கலக்கப்போகும் வேதிப்பொருள்களின் பட்டியல் போகாமல் இருப்பதைத்தான் நான் மிகப் பெரிய குறையாகக் காண்கிறேன்.

நீர் செலுத்தும் கட்டத்தில் இன்னொன்று நடக்கிறது. ரப்பரின் வெப்பப் பெருக்கம் எஃகைவிடப் பல மடங்கு அதிகம். 118 பாகையில் பொருத்தி அமுக்கப்பட்ட ரப்பர் 48-க்குக் குளிரும்போது, தன்னைச் சுற்றியுள்ள எஃகைவிட அதிகம் சுருங்குகிறது. கேசிங் சுவரின் மீது அது கொடுக்கும் அழுத்தம் தளர்கிறது. அழுத்த வேறுபாடு உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் ரப்பரின் பிடி குறைவாக இருக்கிறது. ஆகவே சோதனைத் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். ஐஎஸ்ஓ 14310, ஏபிஐ 11டி1 ஆகிய தரநிலைகளில் வி6 முதல் வி0 வரை சரிபார்ப்புத் தரங்கள் உள்ளன. எண் குறையக் குறையச் சோதனை கடுமையாகிறது. வி6 என்பது வழங்குநர் தாமே வகுத்துக்கொண்ட சோதனை. வி5 திரவச் சோதனை, வி4-இல் அச்சுவழி விசையும் சேரும், வி3-இல் அவற்றோடு வெப்பநிலையை ஏற்றி இறக்கும் சுழற்சியும் சேரும். வி2 வாயுச் சோதனையும் அச்சுவழி விசையும் கொண்டது, வி1-இல் வெப்பச் சுழற்சி சேர்கிறது, வி0-இல் ஒரு குமிழிகூட வரக்கூடாது. எண்களை மட்டும் பார்த்து வி2 கிடைத்தால் வி3-ஐவிட மேல் என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். வி2-இல் வெப்பச் சுழற்சி கிடையாது, உங்கள் கிணற்றுக்குத் தேவையானதோ அதுதான். கீழ் பேக்கருக்கு வி3 அல்லது வி1 சான்றைக் கேளுங்கள். சோதனையில் எத்தனை பாகையிலிருந்து எத்தனை பாகைக்கு இறக்கினார்கள் என்பதையும் சான்றில் பார்க்க வேண்டும். 70 பாகைக்குக் குறைவாக இருந்தால் அது உங்கள் நிலையைக் காட்டவில்லை.

கேசிங்கின் எடையைச் சரியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 7 அங்குலக் கேசிங் என்று மட்டும் எழுதி அனுப்புபவர்கள் உண்டு. அடிக்கு 23 பவுண்டு எடையுள்ளதன் உள்விட்டம் 161.7 மில்லிமீட்டர், 32 பவுண்டு எடையுள்ளதன் உள்விட்டம் 154.8. இந்த 7 மில்லிமீட்டருக்குள்தான் ரப்பரின் ஓரம் பிதுங்கி வெளியேறுவதா, நிற்பதா என்பது முடிவாகிறது.

கிணற்றிலிருந்து எடுத்த பழைய பேக்கர் கிடைத்தால், கழுவுவதற்கு முன் அதன் ரப்பரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில் மெல்லிய உதடு போல நீண்டு கிழிந்திருந்தால், அழுத்த வேறுபாடு தாங்கு வளையத்தைத் தாண்டி ரப்பரைத் தள்ளியிருக்கிறது. மேற்பரப்பில் கொப்புளங்கள் இருந்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே பிளவுகள் தெரிந்தால், ரப்பருக்குள் ஊறியிருந்த வாயு அழுத்தம் திடீரென்று இறங்கியபோது வெடித்து வெளியேறியது என்று பொருள். நகத்தால் அழுத்தினால் பதியாமல், வளைத்தால் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் விழுந்தால் வெப்பமோ சல்பைடோ காரணம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வான கிணற்றில் தாழ்ந்த பக்கம் உரசிக்கொண்டே இறங்கியிருக்கிறது. இந்த நான்கில் எது என்பதைப் படமெடுத்துப் பதிவுசெய்து வைத்தால், அடுத்த கிணற்றுக்கான ரப்பரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல சான்று வேறில்லை.

மறுமொழி 5: சிமென்ட்

இதுவரை யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். பேக்கர் பிரிப்பது கேசிங்கின் உட்புறத்தை மட்டுமே. அந்த 130 மீட்டர் நெடுகக் கேசிங்குக்கு வெளியே உள்ள சிமென்ட் நன்றாக இல்லையென்றால், உள்ளே வி0 தரத்தில் எதை வைத்தாலும் 40 மெகாபாஸ்கலில் செலுத்தும் நீர் வெளிப்பக்கமாக ஏறி 12 மெகாபாஸ்கலில் காத்திருக்கும் மேல் மண்டலத்துக்குள் புகுந்துவிடும். பேக்கரை வாங்குவதற்கு முன் சிமென்ட் பிணைப்புப் பதிவை எடுத்துப் படியுங்கள். இரு மண்டலங்களுக்கும் நடுவே தொடர்ச்சியான நல்ல பிணைப்பு எத்தனை மீட்டர் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேக்கரை அந்த நல்ல பகுதியின் எதிரேதான் பொருத்த வேண்டும். பின்புறம் சிமென்ட் தாங்கினால் ஸ்லிப்புகள் அழுத்தும்போது கேசிங் விரிவதும் குறையும். கேசிங் இணைப்பு வளையங்களின் மீது பொருத்தாமல், இரண்டு வளையங்களுக்கு நடுவே பொருத்த வேண்டும் என்பதும், பொருத்தும் இடத்தை ஸ்கிரேப்பரால் பல முறை மேலும் கீழும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேல் பேக்கர் வேண்டாம் என்ற யோசனைக்கு என் பதில், தயவுசெய்து ஏற்காதீர்கள் என்பதே. மேல் பேக்கர் இருந்தால் கிணற்றின் திரவத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே டியூபிங்கும் பேக்கரும் முதல் தடுப்பு, கேசிங் இரண்டாவது தடுப்பு. முதல் தடுப்பு கசிந்தால் வளையவெளியின் அழுத்தமானி உடனே காட்டிக்கொடுக்கும். வளையவெளி வழியாகவே உற்பத்தி செய்தால் கேசிங்தான் ஒரே தடுப்பு, அது கசிந்தால் முன்னறிவிப்பே கிடையாது. கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் வாயுச் சேமிப்புத் தளத்தில் 2015 அக்டோபரில் தொடங்கிய கசிவு இதற்கான கண்கூடான சான்று. 1953-இல் தோண்டிய எஸ்எஸ்-25 என்ற அந்தக் கிணற்றில் வாயு டியூபிங் வழியாக மட்டுமன்றிக் கேசிங் வழியாகவும் ஓடியது. வெளிப்புறம் அரிக்கப்பட்ட 7 அங்குலக் கேசிங் பிளந்தபோது அதைத் தடுத்து நிறுத்த வேறொன்றும் இல்லை. 2016 பிப்ரவரியில்தான் மூட முடிந்தது; அதற்குள் வெளியேறிய மீத்தேன் ஏறத்தாழ ஒரு லட்சம் டன். அதன் பிறகு அந்த மாநிலத்தில் சேமிப்புக் கிணறுகளில் வாயு டியூபிங்குக்குள் மட்டுமே ஓட வேண்டும், பேக்கர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது. அதைக் கேசிங்கின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டு மிச்சப்படுத்தும் செலவு சேமிப்பு ஆகாது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: புதுநிறைவு

அனைவருக்கும் மிக்க நன்றி. பேக்கர்களுக்கு இடையிலான துண்டை எங்கள் கணக்கில் மேல் டியூபிங்கின் சராசரிக் குளிர்ச்சியை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள். 70 பாகையை வைத்து மீண்டும் கணக்கிடச் சொல்லிவிட்டேன். சிமென்ட் பதிவில் 2,540 மீட்டர் முதல் 2,590 வரை நல்ல பிணைப்பு தெரிகிறது, அதற்கு மேலே விட்டுவிட்டு இருக்கிறது. மேல் பேக்கர் கட்டாயம் இருக்கும்.

ஒரு ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. கீழ் பேக்கரை மேலிருந்து சோதிக்கலாம் என்றார் விசைக்கணக்கு. ஆனால் நீர் செலுத்தும்போது அழுத்தம் கீழிருந்து அல்லவா வரும்? அந்தத் திசையில் எப்படி உறுதிசெய்வது?

மறுமொழி 6: சிமென்ட்

சரியான ஐயம். மேலிருந்து செய்யும் சோதனை, ரப்பர் சேதமின்றி இறங்கிப் பொருந்தியிருக்கிறதா என்பதைச் சொல்லும். கீழிருந்து வரும் தள்ளலை ஏற்கும் ஸ்லிப்புகளைப் பற்றி எதுவும் சொல்லாது. கீழ்த்திசையில் சிறிய அளவில் ஒரு சோதனையைத் துளையிடுவதற்கு முன்பே செய்யலாம். அடைப்போடு பேக்கர் நிற்கும் நிலையில், மேலே உள்ள திரவத்தை இலகுவான திரவமாக மாற்றி, மேலுள்ள அழுத்தத்தைக் கீழ் மண்டலத்தின் 26-க்குக் கீழே கொண்டுவாருங்கள். பின் கிணற்றை மூடிவைத்து, அழுத்தம் ஏறுகிறதா, திரவம் வெளிவருகிறதா என்று கவனியுங்கள். திரவம் வெப்பமடைவதாலும் சிறிது அழுத்தம் ஏறும். அந்த ஏற்றம் நேரம் செல்லச் செல்லத் தேய்ந்து நிற்கும். கசிவால் வரும் ஏற்றம் அப்படி நிற்காது. இதனால் கிடைக்கும் வேறுபாடு 28 ஆகாது என்றாலும் திசை சரியான திசை. 28-க்கான சான்று தொழிற்சாலைச் சோதனை அறிக்கையிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே ரப்பர் அவர்கள் சொன்ன சான்றைக் கட்டாயம் கேட்டுப் பெறுங்கள்.

பொருத்தும் ஆழத்தைப் பற்றி ஒரு சொல். 2,580-ஐ விட்டு 2,565-ஐ ஒட்டிய இடத்துக்கு நகர்த்த முடியுமா என்று பாருங்கள். நல்ல பிணைப்பின் நடுப்பகுதி அது. பேக்கருக்குக் கீழே 25 மீட்டர் நல்ல சிமென்ட் இருக்கும், மேலேயும் அதே அளவு இருக்கும். இப்போதைய இடத்தில் கீழே 10 மீட்டர்தான் எஞ்சுகிறது. இடைத்துண்டு 115 மீட்டராகக் குறைவதால் சீல் அசைவுக் கணக்கும் சற்று மாறும்.

நீர் செலுத்தத் தொடங்கிய பின் இரண்டு வேலைகளை விட்டுவிட வேண்டாம். முதலாவது, செலுத்தும் நீர், கீழ் மண்டல நீர், மேல் மண்டல நீர் ஆகிய மூன்றின் உப்புப் பகுப்பாய்வையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மேல் மண்டலத்திலிருந்து நீர் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது. இரண்டாவது, நீர் செலுத்துவதை நிறுத்திய சில மணி நேரத்தில் வெப்பநிலைப் பதிவு ஒன்றை எடுங்கள். குளிர்ந்த நீர் போன இடம் மற்ற இடங்களைவிட மெதுவாகவே மீண்டும் சூடாகும் என்பதால், அந்தக் குளிர்ச்சி கீழ் மண்டலத்தின் எதிரே மட்டும் நிற்கிறதா, கேசிங்குக்கு வெளியே மேலேறியிருக்கிறதா என்பது அதில் தெரியும். ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்து முதல் பதிவோடு ஒப்பிடுங்கள்.